தண்ணீர்ப் பொறுப்பாளரின் வருஷம்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: நகராட்சித் தலைவர் தோன் தவுரினோ. செயலர் எலாதியோ. மாநிலத் தலைநகர் வஹாக்காவிலிருந்து, உள்ளாட்சி ஆய்வுக் கூட்டமைப்பின் சார்பில், சட்டப் பேராசிரியர் டாக்டர் பெர்முதெஸ், தண்ணீர் இன்ஜினியர் ஃபவுஸ்தோ, முன்னாள் நகராட்சிப் பொருளாளர் கிரிசெல்தா. மேல்பேட்டை, கீழ்ப்பேட்டை ஆட்கள், சுவரை ஒட்டி, தொப்பியைக் கையில் வைத்தபடி. தண்ணீர்ப் பொறுப்பாளர் தோன் கிரெசென்சியோ. அவர் மனைவி தோன்யா எர்மிலா, கதவோரம், நின்றபடி.

இவர்களில் தோன் கிரெசென்சியோ ஈஸ்டருக்கு முன்பே செத்துப்போனவர். இப்போது மழைக்காலம் பாதி கடந்திருந்தது.

பெயர்களை வாசித்தது எலாதியோ. வந்தவர் பெயருக்கு நேரே குறி போடுவது கிரிசெல்தாவின் வேலை. கூட்டமைப்பு எந்த ஊருக்குப் போனாலும் முதல் காரியம் இதுதான். யார் இருந்தார்கள் என்று தெரியாத கூட்டத்தை ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது என்பார் பெர்முதெஸ்.

"தண்ணீர்ப் பொறுப்பாளர், தோன் கிரெசென்சியோ யெஸ்காஸ்."

எல்லோரும் மேசையின் இடது கோடியில் இருந்த நாற்காலியைப் பார்த்தார்கள். அதன் தோல் இருக்கையில் ஒரு பனையோலைத் தொப்பியும், வெள்ளிப் பூண் போட்ட பதவிக் கோலும் கிடந்தன.

"இருக்காரு" என்றார் தவுரினோ.

கிரிசெல்தா குறி போட்டுவிட்டாள். கைப் பழக்கம். போட்டு முடித்த பிறகுதான் அந்த நாற்காலி முனகுவது கேட்டது. உட்கார்ந்திருக்கும் ஆள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்ந்தால் பழைய தோல் என்ன சத்தம் போடுமோ அந்தச் சத்தம்.

பெர்முதெஸ் எலாதியோவின் பக்கம் குனிந்தார். "ஆள் எங்கப்பா? ஒண்ணுக்குப் போயிருக்காரா?"

"இல்ல டாக்டர். செத்துட்டாரு."

"இருக்காருன்னு சொன்னாரே தலைவர்?"

"வருஷம் முடியலையே" என்றான் எலாதியோ. கடை ஏன் திறந்திருக்கிறது என்று கேட்டவனுக்கு இன்னும் பொழுது சாயவில்லையே என்று சொல்லும் தொனி.

இந்த ஊரில், சான் மார்சியலில், பதவியை யாரும் கேட்டு வாங்குவதில்லை. ஊர்க்கூட்டம் பெயரைச் சொல்லும்; பெயர் வந்தவன் சுமக்க வேண்டும். சம்பளம் கிடையாது. ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை ஒரு முழு வருஷம். அந்த வருஷம் முழுக்க அவன் வீட்டுக் கதவைப் பூட்டக் கூடாது. தண்ணீர் நின்றாலும், மாடு பள்ளத்தில் விழுந்தாலும், குடித்துவிட்டு இரண்டு பேர் வெட்டிக்கொண்டாலும் யாரும் எந்நேரமும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரலாம். அதற்காகவே பதவியேற்கும் நாளில் வீட்டுப் பூட்டை வாங்கி நகராட்சிச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிடுவார்கள். உள்தாழ்ப்பாளையும் கழற்றிவிடுவார்கள். நோய் சாக்கு இல்லை. பிழைப்புக்கு வடக்கே போவது சாக்கு இல்லை. சாவு சாக்கு என்று யாரும் எப்போதும் சொல்லி வைக்கவில்லை. தவுரினோவின் அப்பா காலத்தில் ஒரு பொருளாளர் பாம்பு கடித்துச் செத்து, மீதி மாதங்களையும் ஒழுங்காக முடித்துவிட்டுத்தான் போனாராம்.

கூட்டமைப்பு இந்த ஊருக்கு வந்த காரணமும் கிரெசென்சியோதான் என்பது அந்தக் காலையில் மெல்லப் புரிந்தது. கூட்டமைப்பில் பல்கலைக்கழகத்துக்காரர்களும் இருந்தார்கள், நகராட்சிகளில் நாற்காலி தேய்த்தவர்களும் இருந்தார்கள். முதல் வகையினர் ஒரு காரியம் ஏன் நடக்கிறது என்று கேட்பார்கள். இரண்டாம் வகையினர் அதை எப்படி நடத்துவது என்று கேட்பார்கள். இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றி மலைக்கு அனுப்புவார்கள். அந்த வருஷத்து ஆராய்ச்சி மலை நகராட்சிகளின் தண்ணீர் நிர்வாகம். பக்கத்து ஊர்களிலெல்லாம் தண்ணீர் முறைக்காக மண்டை உடைந்துகொண்டிருந்தது. சான் மார்சியலிலிருந்து மட்டும் ஈஸ்டருக்குப் பிறகு ஒரு புகாரும் இல்லை. கீழ்ப்பேட்டைக்கும் மேல்பேட்டைக்கும் சொட்டுப் பிசகாமல் பங்கு போயிருந்தது. இதை மற்ற ஊர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டலாம் என்று பெர்முதெஸ் கண்கள் மின்ன வந்திருந்தார்.

"உயிரோட இருந்தப்ப அவன் சனிக்கிழமை ஆனா மெஸ்கால் குடிச்சிட்டு வால்வைத் திறக்க மறந்துருவான்" என்றார் தவுரினோ. "இப்ப அந்தத் தொல்லை இல்ல."

சுவரோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். எர்மிலா சிரிக்கவில்லை.

இடைவேளையில் எர்மிலா சாக்லேட் கொண்டுவந்தாள். கிரிசெல்தாவுக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டு நகரவில்லை. நாற்பது தாண்டிய முகம். கண்களுக்குக் கீழே அடித்துக் கன்றிப்போனது போல நீலம்.

"கணக்கம்மா, நீங்கதான சட்டம் எழுத வந்திருக்கீங்க?"

"எழுதறது டாக்டர். நான் அது நடக்குமான்னு பாக்கறவ."

"அப்ப உங்ககிட்டதான் சொல்லணும். செத்தா பதவி முடிஞ்சுதுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. எனக்கு என் பூட்டு வேணும்." சுவரைக் காட்டினாள். ஆணிகளில் வரிசையாகப் பூட்டுகள் தொங்கின. "அதோ, அந்தத் துருப்பிடிச்சது. அதைப் போட்டுட்டு ஒரு ராத்திரி தூங்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

"உங்களுக்கு அவர்மேல பயமா?"

எர்மிலா யோசித்தாள். "நல்ல மனுஷன். ஒரு நாளும் கை ஓங்கினதில்ல. அதுக்காகச் செத்தவர்கூடப் படுக்கணுமா?"

கிரிசெல்தா கீழே ஒரு பள்ளத்தாக்கு நகராட்சியில் பல வருஷம் பொருளாளராக இருந்தவள். சபைக் கூட்டத்தில் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசுகிறவர்களிடமே ரசீது கேட்டவள். கண்ணால் பார்க்காத எதற்கும் அவள் கையெழுத்துப் போட்டதில்லை. "மதியம் உங்க வீட்டுக்கு வர்றேன்" என்றாள்.

வீடு சரிவில் இருந்தது. மண்சுவர், தகரக் கூரை, ஒரே அறை. மூடுபனி கதவு வரைக்கும் வந்து நின்றிருந்தது. எர்மிலா கட்டிலிலிருந்து கம்பளியை எடுத்துக் கொடுத்தாள். கால்மாட்டுப் பக்கம் கனத்துத் தொங்கியது. பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஈரம். பாசி வாசனை.

"தினம் காய வைக்கிறேன். தினம் இப்படித்தான். வந்து கால்மாட்டுல உக்காருவாரு. பேச மாட்டாரு. வெளிச்சம் வந்ததும் எழுந்து போயிருவாரு. எங்க விழுந்து செத்தாரோ அந்தத் தண்ணி."

மலை ஊற்றுத் தொட்டியின் கம்பி வலையில் அடைத்த இலைகளை அள்ளப் போனவர், வழுக்கி, முகம் குப்புற உள்ளே விழுந்து கிடந்தார். அவரைத் தேடிப் போவதற்குள் ஊர் மத்தியானம் வரைக்கும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. இதை எர்மிலா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். பிறகு அவரைக்கொட்டையும் சோள ரொட்டியும் வைத்து, ஆவி பறக்கும் தட்டை மேசையில், யாரும் இல்லாத பக்கம் வைத்தாள்.

கதவு உள்பக்கம் விலகியது. வெளியே காற்றில்லை, மூடுபனி அசையக்கூட இல்லை. எர்மிலா திரும்பிப் பார்க்காமலே தன் முக்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். குறுகலான இடத்தில் ஒருவர் கடந்து போக வழிவிடுகிறவர்கள் அப்படித்தான் தள்ளிப் போடுவார்கள். கிரிசெல்தா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவி வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது. மெல்ல அடங்கவில்லை, ஊதி அணைத்தது போல நின்றது.

கதவு மறுபடி அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சரிவுக்குக் கீழே குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருமி, தண்ணீர் விழத் தொடங்கியது.

"கீழ்ப்பேட்டை முறை" என்றாள் எர்மிலா.

கிரிசெல்தா தட்டைத் தொட்டாள். அவரைக்கொட்டையின் மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது.

"கோழிக்குப் போட்டுப் பாத்தேன். கிட்டயே வரல" என்றாள் எர்மிலா.

கிரிசெல்தா நகராட்சிக்குத் திரும்பும் வழியில் ஃபவுஸ்தோ எதிரே வந்தான். வால்வு அறையில் அளவு எடுக்கப் போயிருந்தவன். வலது கையைக் காற்சட்டையில் தேய்த்துக்கொண்டே வந்தான்.

"கீழ்ப்பேட்டை வால்வை யார் திறந்தது?" என்று கேட்டாள்.

"நான்தான்." நின்றான். "இல்ல. சக்கரத்துமேல கை வச்சிருந்தேன், துரு எவ்ளோன்னு பாக்க. அது திரும்பிச்சு. யாரோ என் கைமேல கை வச்சுத் திருப்பின மாதிரி."

"பயந்துட்டீங்களா?"

"அதைக் கேக்காதீங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், இவ்ளோ பக்குவமா வால்வு திறந்து நான் பாத்ததில்ல. கால் சுத்து, நிறுத்தி, குழாய் நிரம்பக் காத்திருந்து, மறுபடி கால் சுத்து. நான் காலேஜ்ல சொல்லிக் கொடுக்கறேன், ஒரு பயலும் கேக்க மாட்டேங்கறான்." கையைப் பார்த்தான். மறுபடி தேய்த்தான். "சோப்பு இருக்கா?"

நகராட்சியின் சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் சண்டை போட்டார்கள். தவுரினோவும் எலாதியோவும் உடனிருந்தார்கள். எர்மிலாவும் வந்து, கூடத்துக்குப் பின்னால் சமையலறையில் இருந்தாள். ஊர் வேலை பேசும் மேசைக்குப் பெண்கள் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். கிரிசெல்தா உட்கார்ந்திருந்தது வெளியூர்க்காரி என்பதால்.

"நல்லா நடக்குது" என்றார் பெர்முதெஸ். "நல்லா நடக்கறதைக் கெடுக்கறதா நம்ம வேலை? வழக்கத்துக்குள்ள மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு இருபது வருஷமா எழுதிட்டு வர்றேன்."

"நல்லா நடக்கறதுக்கு விலை யார் கொடுக்கறா டாக்டர்? போய் அந்தக் கம்பளியைத் தொட்டுப் பாருங்க."

"அதெல்லாம் நான் தொட மாட்டேன்."

"அப்ப எழுதுங்க."

பெர்முதெஸ் கெட்டவர் இல்லை. காலையிலிருந்து அந்த நாற்காலியின் பக்கம் முதுகைக் காட்டி உட்காராமல் பார்த்துக்கொண்டவர். தவுரினோவைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

தவுரினோவுக்கு வேறு கவலை இருந்தது. புதுக் குழாய்க்கு மாநில அரசிடம் கேட்டிருந்தார்கள். தண்ணீர்ப் பொறுப்பாளர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று பதில் வந்திருந்தது. "வாய்க்கா வேலை எல்லாம் பாக்கறான். வஹாக்காவுக்குப் பஸ் ஏறச் சொன்னா ஏற மாட்டேங்கறான்" என்றார். "விடுவிக்கலாம்னா விடுவிச்சிடலாம். ஆனா மரியாதையா. துரத்தின மாதிரி இருக்கக் கூடாது. வருஷம் முடிஞ்சவனுக்கு என்ன செய்வோமோ அத்தனையும் செய்யணும்."

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. இந்த மாதிரி நேரங்களில்தான் கூட்டமைப்பு எதற்காக இருக்கிறது என்று கிரிசெல்தாவுக்கு விளங்கும். பெர்முதெஸ் விடுவிப்பு ஆணையை எழுதினார். ஃபவுஸ்தோ வால்வு முறையை ஒரு தாளில் படமாகப் போட்டான். அடுத்த பொறுப்பாளராக வரவேண்டிய பெனிஞ்ஞோவைக் கூப்பிட்டுக் கால் சுற்று, நிறுத்தம், கால் சுற்று என்று கையைப் பிடித்துப் பழக்கினான். கிரிசெல்தா பொறுப்பு ஒப்படைக்கும் ஒழுங்கைப் படிப்படியாகக் கேட்டாள், எலாதியோ சொன்னான். கோலைப் புதியவன் வாங்குவான். ஊர் நன்றி சொல்லும். பேண்டு வாசித்துக்கொண்டு பழையவரை வீட்டுக்குக் கூட்டிப்போய் விடுவார்கள். வீட்டில் மனைவி கஞ்சியோடு வரவேற்பாள். பூட்டைத் திருப்பிக் கொடுப்பார்கள்.

"பூட்டைத் திருப்பிக் கொடுப்பார்கள்" என்ற இடத்தில் கிரிசெல்தாவின் மனம் நின்றுவிட்டது. அந்தத் துருப்பிடித்த பூட்டு. அதற்கு முன்னால் வந்தது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

எலாதியோ பேனாவைத் தூக்கினான். "எங்க கொண்டுபோய் விடறதுன்னு முகவரி போடணும் டாக்டர். கல்லறைன்னு போடவா, வீடுன்னு போடவா?"

"சட்டத்துல தெளிவா இருக்கு" என்றார் பெர்முதெஸ், வாயில் ரொட்டியோடு. எந்த மாணவனும் பரீட்சையில் எழுதும் பதில் அது. "இறந்தவரின் வசிப்பிடம்னா அவர் கடைசியா வசிச்ச வீடு. வாரிசு வழக்கு எல்லாம் அதை வச்சுத்தான் நடக்குது."

எலாதியோ கிரிசெல்தாவைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். ஆயிரம் பத்திரங்களில் பார்த்துப் பழகிய வார்த்தை. எழுதினான்.

மாலை ஊர்க்கூட்டம் கூடியது. கீழ்ப்பேட்டை ஆள் ஒருவன் மட்டும் எழுந்தான். "குடிக்காம வேலை செய்யற ஒரே ஆளு அவருதான். அவரைப் போய் விடறீங்களே? பெனிஞ்ஞோவுக்கு விடியக்காலம் எழுந்திருக்கவே தெரியாது. அவன் பொண்டாட்டியைக் கேளுங்க."

"உன் பொண்டாட்டியைக் கேட்டா இன்னும் என்னென்னவோ சொல்லுவா" என்றான் பெனிஞ்ஞோ. சிரிப்பு. கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது.

தவுரினோ எழுந்து, தொப்பியைக் கழற்றி, அந்த நாற்காலியைப் பார்த்துப் பேசினார். தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி. யாரையும் திட்டாமல் கொடுத்ததற்கு நன்றி. ஊர் உங்களிடம் இனி எதுவும் கேட்காது. பெனிஞ்ஞோ கோலை எடுத்தபோது நாற்காலியின் தோல் மறுபடி முனகியது. உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தால் தோல் மேலே வரும் சத்தம். பெனிஞ்ஞோ சட்டென்று விலகியதில் கோல் மேசையில் தட்டியது. யாரும் சிரிக்கவில்லை.

எர்மிலா கதவோரம் நின்று அழுதாள். கிரிசெல்தாவின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். "இன்னிக்குத் தூங்குவேன் கணக்கம்மா" என்றாள். வேலை பார்த்ததற்குப் பலன் இப்படி நேரே கையில் கிடைப்பது அபூர்வம்.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பேண்டு, ஈரத்தில் சுதி இறங்கிப்போன ஊதுகொம்புகளோடு. பிறகு தவுரினோ, கையில் பூட்டும் அந்தப் பனையோலைத் தொப்பியும். அவருக்கும் பெனிஞ்ஞோவுக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். கூட்டம் குறுகிய இடங்களில்கூட அந்த இடம் குறுகவில்லை. பொழுது இன்னும் சாயவில்லை. ஆனால் மூடுபனியில் எல்லாம் ஒரே சாம்பல். கிரிசெல்தா அந்தக் காலி இடத்துக்குப் பின்னால் நடந்தாள். பாதையில் தேங்கியிருந்த குட்டைகளை எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள். காலி இடம் மட்டும் நேராகப் போனது. குட்டைகள் கலங்கின.

மாதா கோவிலருகே பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் கல்லறை. வலது பக்கம் சரிவு. பேண்டு வலது பக்கம் திரும்பியது.

"எங்க போறாங்க?" என்றாள் எர்மிலா.

"தோன் தவுரினோ! கல்லறை அந்தப் பக்கம்!"

தவுரினோ நடந்துகொண்டே திரும்பினார். "தீர்மானத்துல வீடுன்னு இருக்கும்மா. கடைசி வசிப்பிடம். டாக்டர் சொன்னது."

கிரிசெல்தாவின் கால்கள் நின்றுவிட்டன. பின்னால் வந்தவன் அவள்மேல் மோதினான். அவள் பெர்முதெஸைத் தேடினாள். அவர் குடையோடு ஓரமாக வந்துகொண்டிருந்தார். அவருடைய முகம் மாறிய விதத்திலிருந்து, அவருக்கும் அந்த நொடியில்தான் உறைத்தது என்று தெரிந்தது.

வீட்டு வாசலில் பேண்டு நின்றது. எர்மிலா கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து கதவை மறித்து நின்றாள்.

"இங்க வேணாம். நான் கேட்டது இது இல்ல. கணக்கம்மா, சொல்லுங்க இவங்களுக்கு!"

"தப்பு எங்களுது தோன் தவுரினோ" என்றாள் கிரிசெல்தா. "அந்த வார்த்தையை மாத்தணும். கல்லறைக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

"மாத்தறதுன்னா மறுபடி ஊர்க்கூட்டம் வேணும்."

"கூட்டம்தான் மொத்தமா இங்கயே நிக்குதே!"

"தெருவுல நிக்கிறது கூட்டம் இல்லம்மா. சோள அறுவடை முடிஞ்சு அடுத்த கூட்டம். அது வரைக்கும் நன்றி சொன்னதும் செல்லாது, கோல் கொடுத்ததும் செல்லாது. அவன் பழையபடி வேலைக்கு வருவான்."

பெர்முதெஸ் குடையை மடக்கினார். "ஒரு திருத்த அறிக்கை போட்டா போதும். எழுத்துப் பிழைன்னு..."

"அவன் இங்க நிக்கிறான் டாக்டர்" என்றார் தவுரினோ, தனக்கும் பெனிஞ்ஞோவுக்கும் நடுவில் இருந்த இடத்தைக் காட்டி. குரலை உயர்த்தவில்லை. "வீட்டுக்குப் போலாம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கோம். எழுத்துப் பிழைன்னு அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க."

பெர்முதெஸ் அந்த இடத்தைப் பார்த்தார். அங்கே தரையில், கூரை நீட்டத்தின் கீழே காய்ந்திருந்த மண்ணில், ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. யாரோ சொட்டச் சொட்ட நிற்பது போல. அவர் ஓர் அடி பின்வாங்கினார். ஃபவுஸ்தோ கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"வரவேத்தா என்ன ஆகும்?" என்று கேட்டாள் எர்மிலா.

"எல்லாருக்கும் ஆகறதுதான். நீ கஞ்சி கொடுப்ப. நான் வெளிய பூட்டுவேன், ராத்திரி யாரும் அவனை வேலைக்குக் கூப்பிடாம இருக்க. காலைல பூசை மணி அடிச்சதும் வந்து திறந்து, பூட்டை உன் கையில கொடுப்பேன். அதோட வருஷம் முடிஞ்சுது. அவன் ஓய்வு எடுப்பான்."

"எங்க எடுப்பாரு? இங்கயா? அங்கயா?"

தவுரினோ தொப்பியைப் பார்த்தார். "அது எனக்குத் தெரியாது. இதுவரைக்கும் ஒருத்தன்தான் இப்படி. அந்தப் பொருளாளருக்குப் பொண்டாட்டி இல்ல."

"வரவேக்காதீங்க, விட்டுருங்க" என்றாள் கிரிசெல்தா எர்மிலாவிடம். "வண்டி இருக்கு. எங்களோட வஹாக்காவுக்கு வந்துருங்க. இப்பவே."

"அறுவடை முடிய எத்தனை ராத்திரி?" என்றாள் எர்மிலா. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "வரவேக்க ஆள் இல்லன்னா அவர் வருஷம் முடியாது. எங்க போனாலும் பொறுப்பாளர் பொண்டாட்டிதான் நான். அங்க மட்டும் கதவு இல்லையா?"

"அப்ப நானும் உள்ள வர்றேன். உங்ககூட இருக்கேன்."

எர்மிலா அவளை முதல் தடவையாகக் கோபத்தோடு பார்த்தாள். பிறகு கோபம் போய்விட்டது. அதற்குக்கூட அவளிடம் தெம்பு இல்லை. "உங்களை அவருக்குத் தெரியாது கணக்கம்மா. வெளியாள் முன்னால சாப்பிட மாட்டாரு. மத்தியானம் நீங்க இருந்தப்பகூட பாதிதான் சாப்பிட்டாரு."

உள்ளே போனாள். அடுப்பைக் கிளறும் சத்தம் கேட்டது. கூட்டம் அசையாமல் நின்றது. ஊதுகொம்புக்காரன் ஒருவன் தன் கருவியைத் தலைகீழாக்கி எச்சிலை வடித்தான். எர்மிலா கோப்பையோடு வாசலுக்கு வந்தாள். சோளக் கஞ்சியிலிருந்து ஆவி எழுந்தது. அதை இரண்டு கைகளாலும் ஏந்தி, தவுரினோவுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தைப் பார்த்து, குரல் பிசிறாமல் சொன்னாள்:

"வாங்க. உங்க வருஷம் முடிஞ்சுது. வந்து உக்காருங்க."

கூட்டம் வழி விட்டது. மண்ணில் ஈரம் வாசற்படி வரைக்கும் நகர்ந்தது, படியில் ஏறியது. எர்மிலா ஒதுங்கி வழி விட்டாள். அவள் கையிலிருந்த கோப்பையில் ஆவி நின்றது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னாலேயே உள்ளே திரும்பினாள். அந்த மங்கலில் அவளுடைய வெள்ளைச் சட்டையின் முதுகு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. தவுரினோ தொப்பியை உள்ளே ஆணியில் மாட்டினார்.

"தோன்யா எர்மிலா" என்று கூப்பிட்டாள் கிரிசெல்தா.

"சாத்துங்க" என்றது உள்ளேயிருந்து எர்மிலாவின் குரல். "தூக்கம் வருது."

தவுரினோ கதவைச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினார்.